விட்டுச் சென்ற புத்தகங்கள்

ஊர் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெட்டியில் என்னவெல்லாம் எடுத்து வைப்பார்கள்? துணிமணி, மாத்திரை, கேமரா, குழந்தைகளுக்கு நொறுக்குத் தீனி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில குடும்பங்கள் இவற்றோடு, படித்து முடித்த நாலைந்து புத்தகங்களையும் எடுத்து வைக்கின்றன. போகிற இடத்தில் விட்டுவிட்டு வருவதற்கு! அரண்மனைத் தோட்டத்து பெஞ்சில் ஒன்று, படகுத்துறையில் ஒன்று, ஓட்டல் வரவேற்பறையில் ஒன்று. மழையில் நனையாமல் இருக்க ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அட்டையில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கும். இது யாரும் தொலைத்த புத்தகம் இல்லை, எடுத்துப் படித்துவிட்டு இன்னொருவருக்காக வேறெங்காவது வைத்துவிடுங்கள் என்பதுதான் அதில் உள்ள சேதி.

யார் எடுப்பார்கள் என்று தெரியாது. எடுத்தவர் படிப்பாரா, குப்பையில் போடுவாரா, அதுவும் தெரியாது. காசு கிடையாது. நன்றி என்ற ஒரு வார்த்தைகூடப் பெரும்பாலும் கிடையாது. பிறகு ஏன் இதைச் செய்கிறார்கள்? எப்போது ஆரம்பித்தது இது? தேடிப் போனால் கதை எங்கெங்கோ போகிறது. ஒரு டாலர் நோட்டு, இரண்டு உலகப் போர்கள், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நீதிமன்ற வழக்கு, ரயில் நிலையக் குண்டுவெடிப்புகள் எல்லாம் இதில் வருகின்றன.

டாலர் நோட்டில் தொடங்கிய யோசனை

1998ல் அமெரிக்காவில் 'வேர்ஸ் ஜார்ஜ்' என்றொரு இணையதளம் வந்தது. ஒரு டாலர் நோட்டில் ஜார்ஜ் வாஷிங்டனின் படம் இருக்கும் அல்லவா, அந்த ஜார்ஜ்தான் இந்த ஜார்ஜ். கையில் உள்ள நோட்டின் எண்ணை அந்தத் தளத்தில் பதிந்துவிட்டு, வழக்கம் போலக் கடையில் செலவழித்துவிட வேண்டியது. பின்னால் அதே நோட்டு யார் கைக்காவது போய், அவரும் எண்ணைப் பதிந்தால், நோட்டு எத்தனை மைல் பயணம் செய்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதே பாணியில், ஒரு முறை பயன்படுத்தும் கேமராக்களைப் பொது இடங்களில் விட்டு, கிடைத்தவர்கள் படமெடுத்துக் கைமாற்றும் விளையாட்டு ஒன்றும் இருந்தது.

கன்சாஸ் சிட்டியில் மென்பொருள் தொழில் செய்துகொண்டிருந்த ரான் ஹார்ன்பேக்கர் இந்த இரண்டையும் பார்த்தார். நோட்டையும் கேமராவையும் இப்படிப் பின்தொடரலாம் என்றால் புத்தகத்தை ஏன் பின்தொடரக் கூடாது? 2001 மார்ச்சில் வந்த யோசனை, ஏப்ரலில் 'புக்கிராஸிங்' என்ற தளமாகிவிட்டது.

முறை மிக எளிது. புத்தகத்தைத் தளத்தில் பதிந்தால் அதற்கென ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை உள்ளே எழுதிவிட்டு, எங்காவது வைத்துவிட்டு வந்துவிடலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'காட்டில் விடுவது'. கூண்டில் வளர்த்த பறவையைத் திறந்து விடுவது போல! கண்டெடுத்தவர் தளத்துக்குப் போய் எண்ணைத் தட்டினால், அந்தப் புத்தகம் இதுவரை யார் யாரிடம் இருந்தது, எந்தெந்த ஊருக்குப் போனது என்று வாசிக்கலாம். தானும் நாலு வரி எழுதலாம்.

2004ல் 'புக்கிராஸிங்' என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்டின் சுருக்க அகராதியிலேயே இடம் பிடித்தது. 2007ல் சிங்கப்பூர், தன் தேசிய நூலகத்தின் முயற்சியால், உலகின் முதல் அதிகாரபூர்வ புக்கிராஸிங் நாடாக அறிவிக்கப்பட்டது. நாளடைவில் பதிவான புத்தகங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது, நாடுகள் 130ஐத் தாண்டின.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. விட்ட புத்தகங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி மறுபடி ஒரு செய்தியும் வருவதில்லை. எண்ணும் சீட்டும் கண்டுபிடிக்கப்பட்டதே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான். அப்படியும் தெரிவதில்லை! தெரியாவிட்டாலும் மனிதர்கள் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முகவரி இல்லாத தபால்

இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே, பெயர் தெரியாதவருக்குப் படிக்கக் கொடுக்கும் பழக்கம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. காரணம் போர்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917ல், அந்நாட்டுப் பத்திரிகைகளின் அட்டையில் தபால்துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்ல்சன் பெயரில் ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது. படித்து முடித்ததும் அந்த அறிவிப்பின் மேல் ஒரு சென்ட் தபால்தலை ஒட்டித் தபாலில் சேர்த்தால் போதும். உறை வேண்டாம், முகவரி வேண்டாம். பத்திரிகை போர்வீரர்கள் கைக்குப் போய்ச் சேரும். தபால் என்றாலே முகவரிதான் உயிர். அந்தத் துறையே முகவரி வேண்டாம் என்று சொன்னது ஆச்சரியமான விஷயம்தான்.

இரண்டாம் உலகப் போரில் இது இன்னும் பெரிதாயிற்று. 1942 ஜனவரியில் நூலகச் சங்கம், செஞ்சிலுவைச் சங்கம், படைவீரர் நல அமைப்பு மூன்றும் சேர்ந்து 'வெற்றிப் புத்தக இயக்கம்' தொடங்கின. பொது இடங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. போகிற போக்கில் மக்கள் புத்தகங்களைப் போட்டார்கள். இரண்டு வருடங்களில் சேர்ந்தது சுமார் 1 கோடியே 80 லட்சம் புத்தகங்கள்!

ஆனால் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. படைமுகாமுக்கு அனுப்பத் தகுதியானவை சுமார் 1 கோடிதான். மற்றதெல்லாம் கிழிந்தவை, காலாவதியானவை, குழந்தைகளுக்கானவை. கம்பளி பின்னுவது எப்படி என்று விளக்கும் புத்தகம்கூட வந்திருந்ததாம். பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் அதை வைத்து என்ன செய்வான்? பரண் காலியானால் சரி என்று கொடுத்தவர்களும், யாரோ ஒரு பையன் படிப்பான் என்று நினைத்துக் கொடுத்தவர்களும் ஒரே பெட்டியில்தான் போட்டார்கள். வாங்குகிறவன் முகம் தெரியாதபோது, அவனைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்தால்தான் அது கொடை. யோசிக்காவிட்டால் குப்பை மாற்றுவதுதான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு பதிப்பாளர்களே முன்வந்து, சிப்பாயின் சட்டைப்பையில் அடங்குகிற அளவில் சிறிய புத்தகங்களை அச்சிட்டார்கள். 1943 முதல் 1947 வரை 1,322 தலைப்புகளில் 12 கோடிக்கும் அதிகமான பிரதிகள் போயின. ஒருவர் படித்ததும் அடுத்தவர், அவர் படித்ததும் அதற்கடுத்தவர் என்று அவை நைந்து போகும் வரை கைமாறின. 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்' நாவலை எழுதிய பெட்டி ஸ்மித்துக்கு, இப்படிப் படித்த வீரர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

89 சென்ட் வழக்கு

வணிகவியல் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரு புத்தகத்தைப் பெஞ்சில் விட்டுவிட்டு வர வாங்கியவருக்கு உரிமை இருக்கிறதா? பதிப்பாளர் ஆட்சேபித்தால்?

1904ல் பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டது. உள்ளே ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் அனுமதி இல்லை, குறைத்து விற்றால் காப்புரிமை மீறல். நியூயார்க்கின் பிரபல மேசிஸ் கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குப் போட்டது. கடையின் உரிமையாளர்களான ஸ்ட்ராஸ் சகோதரர்கள் பிரதிவாதிகள். (அவர்களில் மூத்தவரான இசிடோர் ஸ்ட்ராஸும் அவர் மனைவி ஐடாவும்தான் 1912ல் டைட்டானிக்கில் மூழ்கி இறந்தவர்கள்.)

1908ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பிரதியெடுத்து விற்கும் உரிமை பதிப்பாளருடையது. ஆனால் ஒரு பிரதியை ஒரு முறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை வாங்கியவர் அதன்பின் எப்படி விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் காப்புரிமையில் இல்லை. 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்று இதைச் சொல்கிறார்கள். அடுத்த வருடமே, 1909ல், இது சட்டத்திலும் ஏறியது. பழைய புத்தகக் கடை, வாடகை நூலகம், நண்பனுக்கு இரவல் எல்லாம் இந்த ஒரு கோட்பாட்டின் மேல்தான் அமெரிக்காவில் நிற்கின்றன. பெஞ்சில் விடப்படும் புத்தகமும் அப்படித்தான்.

ஒரு நாட்டில் வாங்கிய புத்தகத்துக்கு இன்னொரு நாட்டில் இந்த உரிமை உண்டா என்ற கேள்வியும் பின்னால் வந்தது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒரு மாணவர், ஊரில் மலிவாகக் கிடைத்த பாடப்புத்தகங்களைக் குடும்பத்தார் மூலம் வரவழைத்து அங்கே விற்றார். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றங்களில் அவர் தோற்றார். 2013ல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் முறைப்படி அச்சான பிரதிக்கும் அதே கோட்பாடு பொருந்தும் என்று சொல்லிவிட்டது. பயணப் பெட்டியில் வரும் புத்தகத்துக்கும் சேர்த்துக் கிடைத்த தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம்.

எழுதியவருக்கு என்ன கிடைக்கும்?

சட்டம் சரி. நியாயம்? 2005ல் ஜெசிகா ஆடம்ஸ் என்ற நாவலாசிரியை இதைக் கேட்டார். ஒரே பிரதி பத்துப் பேரிடம் போனால் பத்துப் பேரும் படிப்பார்கள், ஆனால் ராயல்டி ஒரு பிரதிக்குத்தான். புத்தகத்தின் மதிப்பையே இது குறைக்கிறது என்பது அவர் வாதம். உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இலவசமாகக் கிடைத்த ஒரு புத்தகத்தால்தான் புதிய எழுத்தாளரை அறிந்தோம், அதன்பின் அவருடைய மற்ற புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கினோம் என்றார்கள். வெளியில் விடுவதற்கென்றே இரண்டாவது பிரதி வாங்குகிறவர்களும் உண்டு.

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 1979ல் ஒரு சட்டம் வந்தது. பொது நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போகும் ஒவ்வொரு முறைக்கும் எழுத்தாளருக்குச் சில பென்ஸ் அரசு கொடுக்கும். 1984 முதல் கொடுத்தும் வருகிறது. ஆனால் பெஞ்சில் கிடக்கும் புத்தகத்துக்குப் பதிவேடு ஏது? எழுத்தாளருக்கு வந்து சேர்வது இன்னொரு வாசகர் மட்டும்தான். வாழ்நாள் முழுதும் எழுதியே பிழைக்கிறவருக்கு அது போதுமா என்ற கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

கேட்பாரற்ற பொருள்

இதைவிடப் பெரிய சோதனை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. புக்கிராஸிங் தொடங்கியது 2001 ஏப்ரலில். ஐந்தே மாதத்தில் செப்டம்பர் 11. பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே, போலீசுக்குச் சொல் என்பது உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது. 2004 மார்ச்சில் மாட்ரிட் நகர ரயில்களில் வைக்கப்பட்ட பைகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2005 ஜூலையில் லண்டன் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் நடந்த தாக்குதலில் 52 பேர்.

லண்டனுக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1991 பிப்ரவரியில் விக்டோரியா ரயில் நிலையத்தின் குப்பைத்தொட்டி ஒன்றில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்து ஒருவர் இறந்தார். அதன்பின் லண்டன் ரயில் நிலையங்களில் குப்பைத்தொட்டியே எடுக்கப்பட்டுவிட்டது.

அப்படிப்பட்ட லண்டன் சுரங்க ரயிலில்தான் 2012ல் 'புக்ஸ் ஆன் தி அண்டர்கிரவுண்ட்' என்ற முயற்சி தொடங்கியது. அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி, இருக்கையில் புத்தகத்தை விட்டுவிடுவார்கள். 2016 நவம்பரில் ஹாரி பாட்டர் படங்களில் நடித்த எம்மா வாட்சன் அவர்களோடு சேர்ந்து, மாயா ஏஞ்சலோவின் 'மாம் அண்ட் மீ அண்ட் மாம்' நூலின் சுமார் நூறு பிரதிகளைக் கைப்பட எழுதிய குறிப்போடு சுரங்க ரயில் நிலையங்களில் வைத்தார். ரசிகர்கள் தேடி அலைந்தார்கள். எந்த நிலையத்தில் கேட்பாரற்ற பையைப் பார்த்தால் விலகி ஓட வேண்டுமோ, அதே நிலையத்தில் கேட்பாரற்ற ஒரு பொருளை ஓடிப்போய் எடுத்தார்கள்.

ஒரு நகரத்தில் புத்தகத்தை விட்டுச் செல்ல முடிகிறது என்றால், அங்கே கிடப்பதை எடுத்துப் பார்க்க இன்னும் சிலருக்குத் தைரியம் இருக்கிறது என்று அர்த்தம். விடுகிறவருக்கும் பொறுப்பு உண்டு. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி ஒளி ஊடுருவும் உறை, பெரிய எழுத்தில் சீட்டு. விமான நிலையம், அரசு அலுவலகம் போன்ற இடங்களைத் தவிர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சந்தேகத்துக்கு இன்னொரு மருந்து, பெட்டி. 1991ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கிளெக், குட்மன் என்ற இரு கலைஞர்கள் பூட்டில்லாத திறந்தவெளிப் புத்தக அலமாரி ஒன்றை வைத்தார்கள். பின்னர் ஜெர்மனி முழுக்க அது பரவியது. 2009ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாக, ஒரு சிறு பள்ளிக்கூடம் போன்ற பெட்டி செய்து வீட்டு வாசலில் நட்டு, அதில் புத்தகங்களை வைத்தார். 2018ல் அவர் இறக்கும்போது அது போன்ற 'குட்டி இலவச நூலகங்கள்' 75,000க்கும் மேல். அதே 2009ல் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில், பயனில்லாமல் நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டை ஒரு பவுண்டுக்கு வாங்கி நூலகமாக்கினார்கள். எடு, இன்னொன்றை வை. அவ்வளவுதான் விதி.

பிள்ளைகள் கையில்

குடும்பமாக ஊர் சுற்றும்போது இந்த விளையாட்டு எப்படி மாறுகிறது என்பதற்கு 2016ல் பெல்ஜியத்தில் நடந்தது நல்ல உதாரணம். அந்தக் கோடையில் உலகமே போகிமான் கோ ஆடிக்கொண்டிருந்தது. வீட்டு அலமாரியில் இடமில்லாமல் தவித்த ஒரு பள்ளி முதல்வர், தன் பிள்ளைகளோடு போகிமான் பிடிக்கப் போனபோது, இப்படிப் புத்தகத்தைத் தேட விட்டால் என்ன என்று யோசித்தார். புத்தகத்தை ஒளித்து வைத்து, இடத்தைப் பற்றி ஒரு படமும் துப்பும் ஃபேஸ்புக் குழுவில் போட வேண்டியது. மற்றவர்கள் தேடி எடுத்துப் படித்து மறுபடி ஒளித்து வைக்க வேண்டியது. சில வாரங்களில் பல்லாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். காலை நடைக்குப் போகும் குடும்பங்கள் ஒன்றைக் கண்டெடுத்து நாலைந்தை ஒளித்துவிட்டு வந்தன.

குழந்தைக்கு இதில் இரண்டு பாடம் கிடைக்கிறது. ஒன்று, தேடும் சந்தோஷம். அது எளிது. மற்றது கடினம். தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எங்கே வைத்தால் தன் வயதுப் பிள்ளை ஒன்று பார்க்கும், மழை படாமல் இருக்கும் என்று அந்தக் குழந்தை யோசிக்கிறது. 1942ல் கம்பளிப் புத்தகத்தைப் பெட்டியில் போட்டவர்கள் யோசிக்காதது இதைத்தான்.

கொடுக்க முடியாத புத்தகம்

2007 நவம்பரில் அமேசான் கிண்டில் வந்தது. 2009 ஜூலையில் ஒரு சம்பவம். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' இரண்டின் சில மின்பதிப்புகள் உரிமை இல்லாத ஒருவரால் விற்கப்பட்டவை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளில் இருந்தே அமேசான் அவற்றை அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் படித்துக்கொண்டே குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவருக்கு, அந்தக் குறிப்புகள் பயனில்லாமல் போயின. அவர் வழக்குப் போட்டு, சமரசமானது.

மின்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும், பெரும்பாலும் கையில் கிடைப்பது படிப்பதற்கான உரிமம்தான். 1908ல் மேசிஸ் கடைக்குக் கிடைத்த உரிமை அதற்குக் கிடையாது. விற்க முடியாது, எடைக்குப் போட முடியாது, ஒரு பெஞ்சில் மறந்துவிட்டு வரக்கூட முடியாது. மின்புத்தகத்தில் எழுத்துருவைப் பெரிதாக்கலாம், ஆயிரம் நூல்களைச் சட்டைப்பையில் வைக்கலாம். வசதிகள் உண்மையானவை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்துவிடும் உரிமை இல்லாத பொருளை எந்த அளவுக்குச் சொந்தம் என்று சொல்வது?

அச்சடித்த ஒரு பழைய நாவல் கடையில் எடைக்குப் போனால் சில்லறைதான் தேறும். அதை வாங்கியவருக்கோ அதன் மேல் முழு உரிமை இருக்கிறது. யாரும் தடுக்க முடியாது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த உரிமையின் கடைசித் துளியையும் பயன்படுத்தி, பெயர் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடலாம். கொடுத்தபின் கணக்கில் வரவு எதுவும் வராது. இருபது வருடத்துக்கு மேலாக, வராது என்று தெரிந்தேதான் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.